மணலில்லா மீன் தொட்டி

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க முற்படுவோர் அதன் அடியில் ஓரிரண்டு அங்குல உயரத்திற்கு மணலோ பொடிக்கற்களோ பரப்புவது நெடுநாளைய வழக்கம். ஆயினும் மீன் விற்கும் கடைகளிலும், சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ண மீன்களைப் பெருக்குவோரின் சிமெண்டுத் தொட்டிகளிலும் மணலைக் காண்பது அரிது. இதைக் கண்டு, மணல் வெறும் அலங்காரமே என்று முடிவு செய்து, வீட்டுத் தொட்டியிலுள்ள மணலை ஒரே நாளில் அள்ளி வெளியே கொட்டிவிடுவோர் உண்டு. தொட்டி அன்று பளிங்குபோல் விளங்கும். சில நாட்களில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து தவிக்கத் தொடங்கும். நீர் தெளிவாகவே இருக்க, மீன்கள் மடிவது ஏன்?

மீன் உண்ணும் உணவிலுள்ள புரதம் சிதைவதால் உண்டாகும் நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதி, செவுள்களின் வழியே அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. எஞ்சிய உணவும் மலமும் அழுகும்போதும் அம்மோனியாவே பிறக்கிறது. நீரில் இது இரு நிலைகளில் இருக்கும். அயனி நிலையில் தீங்கு குறைவு. கரைந்த வாயு நிலையில் செவுள்களை ஊடுருவிக் கொல்லும். 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் பி.எச். எண் 7-உம் உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் ஆயிரத்தில் ஆறு பங்கு அளவே இந்த நஞ்சு நிலையில் இருக்கும். பி.எச். எண் 8 ஆகுமாயின் அது நூற்றுக்கு ஐந்து பங்கிற்கு மேலாகிவிடும். பல ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் காரத்தன்மை உடையதாகையால் இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று.

இந்த நஞ்சை அகற்றுவன கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவற்றைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி. அது 1890-ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது. நைட்ரைட்டும் நஞ்சே, மீனின் இரத்தம் பிராணவாயுவை ஏந்திச் செல்லாதவாறு அது தடுத்துவிடும். நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. இரு படிகளையும் தானே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா இனங்கள் உண்டு என்பது 2015-ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. அவை கண்டெடுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று, மீன் பண்ணையொன்றின் நீர் வடிகட்டி.

இப்பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நீரில் மிதந்து திரிவதில்லை. ஏதேனும் ஒரு பரப்பைப் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. இங்குதான் மணலின் பயன் விளங்குகிறது. 60 சென்டிமீட்டர் நீளமும், அகலமும் உயரமும் முறையே 30 சென்டிமீட்டரும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பாகமும் நான்கு பக்கங்களும் சேர்ந்து 0.72 சதுர மீட்டர் பரப்பே ஆகும். அதில் 3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக் கற்களை 5 சென்டிமீட்டர் உயரம் பரப்பினால், அக்கற்களின் மேற்பரப்பு ஏறத்தாழ 11 சதுர மீட்டர் வரும். அஃதாவது கண்ணாடியைப்போல் பதினைந்து மடங்கு. மணலைக் கொட்டியவர் அழுக்கை மட்டுமன்றி, பாக்டீரியாக்களின் குடியிருப்பில் பெரும்பகுதியையும் கொட்டிவிட்டார்.

எனினும் மணல் சிறந்த குடியிருப்பு என்று சொல்வதற்கில்லை. இப்பாக்டீரியாக்களுக்குப் பிராணவாயு வேண்டும். நீர் ஓடாத ஆழமான மணலில் அது கிட்டாது. அங்கே வேறு வகைப் பாக்டீரியாக்கள் பெருகி, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவையும் உண்டாக்கக்கூடும். இதற்கு மாறாக, காற்றுப் பம்பினால் இயங்கும் ஸ்பாஞ்சு வடிகட்டியில், மேலெழும் காற்றுக் குமிழிகள் நீரை ஸ்பாஞ்சின் துளைகள்தோறும் இழுத்துச் செல்கின்றன. பரப்பும் உண்டு, பிராணவாயுவும் உண்டு. கடைக்காரர் தொட்டியின் மூலையில் குமிழியிடும் அந்தக் கருநிற ஸ்பாஞ்சே அவருடைய மணல்.

ஸ்பாஞ்சு அழுக்கேறியிருக்கிறதென்று அதைக் குழாயடியில் பிழிந்து கழுவுவது, மணலைக் கொட்டிய பிழையையே மீண்டும் செய்வதாகும். நகராட்சிக் குடிநீரிலுள்ள குளோரின் கிருமிகளைக் கொல்வதற்கென்றே சேர்க்கப்படுவது. நல்ல பாக்டீரியா எது, தீயது எது என்று அது பார்ப்பதில்லை. இக்கட்டுரையாளர் இதனை அறியாது, ஒரு விடுமுறை நாளில் ஸ்பாஞ்சை வெண்மையாகும் வரை கழுவி வைத்து, அவ்வாரத்திலேயே ஆறு மீன்களுள் ஐந்தை இழந்ததுண்டு. தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரிலேயே ஸ்பாஞ்சை இரண்டு மூன்று முறை மெல்லப் பிழிதல் போதுமானது.

வெறும் அடித்தளத்தின் நன்மை, அழுக்கு மறைய இடமில்லாமையே. இட்ட உணவில் எவ்வளவு மிஞ்சிற்று என்பது அடுத்த நாழிகையிலேயே தெரியும். ஒரு ரப்பர்க் குழாயால் அதை உறிஞ்சி எடுத்துவிடலாம். அவ்வாறு எடுக்காவிடில், மணலுள்ள தொட்டியினும் இது விரைவில் கெடும். வேரூன்றும் செடிகளுக்கு இங்கே இடமில்லையாயினும், பள்ளி மாணவரும் பிராணவாயுச் சோதனையில் கண்டறிந்த ஹைட்ரில்லாவை மிதக்கவிடலாம். அது அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாகக் கொள்ளும். குவியும் நைட்ரேட்டின் பொருட்டு வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் நலம்.

கிழக்காசிய ஓடைகளுக்குரிய செர்ரி இறாலை இவ்வகைத் தொட்டியில் வளர்ப்போர் மிகுதி. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமேயுள்ள இச்சிற்றிறாலின் முட்டைகளைத் தாய் தன் வயிற்றடிக் கால்களில் மூன்று நான்கு வாரங்கள் சுமக்கும். பொரித்து வருபவை புழுப்பருவமின்றித் தாயின் வடிவிலேயே இருக்கும். நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவே. அவற்றின் முதலுணவு, பரப்புகளின்மேல் படியும் பாக்டீரியாவும் பாசியும் கலந்த மென்படலம். வழவழப்பான வெறுங்கண்ணாடி இதற்குப் போதாது. ஆகவே பாசிக்கொத்துக் கட்டிய ஒரு மரத்துண்டும், உலர்ந்த நாட்டு வாதுமை இலைகள் சிலவும் இடவேண்டும். ஸ்பாஞ்சின்மீது குஞ்சுகள் நாள் முழுதும் மேய்வதைக் காணலாம். விசையுடன் இழுக்கும் மோட்டார் வடிகட்டியோ அவற்றை விழுங்கிவிடும். அடியைத் துப்புரவு செய்யும் குழாயின் வாயிலும் மெல்லிய துணி கட்டுதல் அவசியம். தாமிரம் கலந்த மீன் மருந்துகள் இறாலுக்கு நஞ்சாகும்.

எல்லா மீன்களுக்கும் இம்முறை ஒவ்வாது. நம் ஆறுகளில் வாழும் அயிரை, மணலைச் சலித்து உண்பதும் அதிற் புதைந்து ஒளிவதும் இயல்பு. அதை வெறுங்கண்ணாடியில் விடுதல் கொடுமையே. கங்கைச் சமவெளிக்குரிய வரிக்குதிரை மீன், தான் இட்ட முட்டைகளையே தின்னும். ஓடையில் கற்களின் இடுக்குகள் அம்முட்டைகளைக் காக்கும். மணலில்லாத் தொட்டிகளில் அதை வளர்க்கும் ஆய்வுக்கூடங்களில், தொட்டியின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் பரப்பியோ வலைத்தட்டு வைத்தோ அந்த இடுக்கை உண்டாக்கினர்.

அடிக்கண்ணாடியில் தம் நிழலுருவைக் கண்டு சில மீன்கள் மிரளும். அடியின் வெளிப்புறத்தில் கருநிறத் தாள் ஒட்டினால் இது தீரும். நீர் மட்டுமே 54 கிலோகிராம் எடையுள்ள மேற்கண்ட தொட்டியின் அடியில் தெர்மோகோல் பலகை வைப்பதும் நல்லது.

மணலுள்ள பழைய தொட்டியை மாற்ற விரும்புவோர், முதலில் மணல் இருக்கும்போதே ஸ்பாஞ்சு வடிகட்டியைப் பொருத்தி ஆறு வாரங்கள் இயங்கவிட வேண்டும். பின்னர் வாரத்திற்கு நான்கில் ஒரு பங்கு மணலாக, கலக்காமல் உறிஞ்சி அகற்றலாம். அந்த நாட்களில் உணவைப் பாதியாகக் குறைக்கவேண்டும். மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து தவிக்கக் கண்டால், குளோரின் நீக்கிய நீரால் பாதியை உடனே மாற்றி, மணல் எடுப்பதை அத்துடன் நிறுத்திவைக்க வேண்டும்.