மூன்று அழுத்தலில் ஓர் அடி!
டெலிவிஷன் பெட்டிக்குள் வந்த கோல்ப் மைதானம்

கோல்ப், காசு உள்ளவர்கள் ஆட்டம். 18 குழிகள் கொண்ட ஒரு முழு மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். அவ்வளவு நிலத்திலும் புல் வளர்க்க வேண்டும். தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மட்டைப் பையைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும்.

இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் 1829-ம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கோல்ப் கிளப் தொடங்கிவிட்டார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே ஏற்பட்ட மிகப் பழைய கோல்ப் கிளப் அதுதான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் இத்தகைய மைதானங்களுக்குள் நம்மைப் போன்றவர்கள் போனது பெரும்பாலும் புல் வெட்டவும், பை தூக்கவும்தான்.

அப்படிப்பட்ட ஆட்டத்தை உள்ளங்கை அகலக் கேசட்டுக்குள் அடைத்து, சாதாரண வீட்டு டெலிவிஷனில் ஓடவிட்டார்கள். 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் விளையாட்டுப் பெட்டிகள் பல தலைமுறை மாறிவிட்டன. ஒவ்வொரு தலைமுறையும் அந்தச் சின்ன வெள்ளைப் பந்தை எப்படி அடித்தது? ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் அதிசயம் தெரிகிறது.

128 எழுத்து மூளை

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். பந்தை மட்டையால் அடித்து, தூரத்தில் உள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். வழியில் மரம் இருக்கும், குளம் இருக்கும், மணல் பள்ளம் இருக்கும். காற்றும் அடிக்கும். எவ்வளவு பலம், எந்தத் திசை என்ற இரண்டும்தான் ஆட்டத்தின் உயிர்.

அமெரிக்காவில் அட்டாரி கம்பெனியின் விளையாட்டுப் பெட்டி 1977-ல் வெளிவந்தது. விலை சுமார் 200 டாலர். ஆட்டம் ஓடும்போது அந்தப் பெட்டியால் நினைவில் வைத்துக்கொள்ள முடிந்தது வெறும் 128 பைட். அதாவது, 128 ஆங்கில எழுத்துகள். ஒரு தபால் கார்டில் நாம் எழுதுவதைவிடக் குறைவு!

இந்தப் பெட்டிக்கு 1980-ல் கோல்ப் வந்தது. மேலிருந்து பார்ப்பது போல ஒரு பச்சைத் திட்டு. கட்டை கட்டையாக ஒரு மனிதன். ஒன்பதே குழிகள். கையில் ஒரு குச்சி, ஒரே ஒரு பொத்தான். பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டை பின்னால் போகும். விட்டால் பந்தை அடிக்கும். எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு பலம்.

பலத்துக்கு வழி கண்டுவிட்டார்கள். ஆனால் கை தவறி அடித்தால் பந்து கோணிக்கொண்டு போகுமே, அந்தப் பயம் இதில் இல்லை.

"முடியாது" என்ற வேலை

1983-ல் அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுத் தொழில் சரிந்து விழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி "பேமிகாம்" என்ற பெட்டியை 14,800 யென் விலையில் வெளியிட்டது. அதற்கு ஒரு கோல்ப் ஆட்டம் வேண்டும் என்று விரும்பியது. ஒன்பது குழி போதாது, 18 குழியும் வேண்டும்!

கேட்ட இடங்களில் எல்லாம் கையை விரித்தார்கள். கேசட்டில் இருக்கும் சிறிய இடத்தில் 18 குழிகளின் படமும் அடங்காது என்றார்கள்.

"நான் செய்கிறேன்" என்று ஓர் இளைஞர் ஏற்றுக்கொண்டார். அவர் பெயர் சட்டோரு இவாட்டா. "ஹால் லேபரட்டரி" என்ற சிறிய கம்பெனியில் வேலை. வயது 24.

இவாட்டாவின் தந்தை முரோரான் நகர மேயர். டோக்கியோவில் பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த மகன், ஊர் பேர் தெரியாத கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆறு மாதம் தந்தை தன்னோடு பேசவில்லை என்று பின்னாளில் இவாட்டாவே சொல்லியிருக்கிறார்.

18 குழிகளையும் அடக்க, விவரங்களைச் சுருக்கிப் பதியும் ஒரு முறையை இவாட்டா தாமே வகுத்தார். ரயில்வேயில் "மதுரை சந்திப்பு" என்று முழுக்க எழுதுவதில்லை, "எம்.டி.யு." என்று மூன்று எழுத்தில் முடித்துவிடுகிறோம் அல்லவா? பெறுகிறவருக்கு அதை விரித்துப் படிக்கத் தெரியும். கம்ப்யூட்டரில் சுருக்கி வைப்பதும் ஏறக்குறைய அப்படித்தான்.

1984 மே மாதம் ஆட்டம் வெளிவந்தது. கேசட்டின் மொத்த அளவு 24 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ இதைப் போல நூறு மடங்கு இருக்கும். அந்த 24-க்குள் 18 குழிகள், மரங்கள், குளங்கள், மணல் பள்ளங்கள், காற்று, மீசை வைத்த ஓர் ஆட்டக்காரர் எல்லாம் அடங்கின.

மூன்று அழுத்தல்

இந்த ஆட்டம் தந்த பெரிய கொடை அது பந்தை அடிக்கும் முறை.

திரையின் கீழே ஒரு பட்டை. பொத்தானை முதல் முறை அழுத்தினால் ஒரு குறி பட்டையில் நகரத் தொடங்கும். மட்டை பின்னால் போகிறது என்று பொருள். இரண்டாம் முறை அழுத்தும் இடம் பலத்தை முடிவு செய்யும். குறி திரும்பி வரும். மூன்றாம் அழுத்தல் சரியான கோட்டில் விழுந்தால் பந்து நேராகப் போகும். அவசரப்பட்டால் ஒரு பக்கம் வளையும். தாமதித்தால் மறு பக்கம் வளையும்.

அவ்வளவுதான்! ஒரு கட்டை விரல், சுமார் இரண்டு விநாடி. ஆனால் மைதானத்தில் நிற்பவன் மனதில் என்ன படபடப்பு இருக்குமோ, அது விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. "நிறைய பலம் வேண்டும், ஆனால் நிதானமும் தவறக்கூடாது." அட்டாரியில் இல்லாத அந்தப் பயம் இங்கே வந்துவிட்டது.

1987-ல் நிண்டெண்டோ இன்னொரு புதுமை செய்தது. கோல்ப் ஆட்டத்தை டிஸ்க்கில் வெளியிட்டு, ஜப்பான் முழுவதற்கும் போட்டி வைத்தது. வீட்டில் ஆடி முடித்தவர் டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டு போவார். அங்கே உள்ள கருவி டெலிபோன் கம்பி வழியாக அவருடைய கணக்கைக் கம்பெனிக்கு அனுப்பிவிடும். இன்டர்நெட் வீடுகளுக்கு வராத காலம் அது!

நம் ஊர்க் கடைத் தெருவில்

நம் நாட்டில் 1990-களில் இந்தப் பெட்டியின் நகல்கள்தான் வீடு வீடாகப் புகுந்தன. மும்பை லாமிங்டன் ரோடு, டெல்லி பாலிகா பஜார், சென்னை பர்மா பஜார் ஆகிய இடங்களில் "டி.வி. கேம்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கூடவே ஒரு மஞ்சள் கேசட். "9,999 ஆட்டங்கள்" என்று மேலே அச்சிட்டிருக்கும். உள்ளே போனால் சில டஜன் ஆட்டங்களே திரும்பத் திரும்ப வரும்.

அப்படிப்பட்ட கேசட்டுகளில் பலவற்றில் இந்த கோல்ப்பும் இருந்தது. விளக்கப் புத்தகம் கிடையாது. கோல்ப் என்றால் என்னவென்றே தெரியாத பையன்கள், பந்து ஏன் குளத்துக்குள் போகிறது என்று யோசித்து, மூன்றாம் அழுத்தலின் ரகசியத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்.

படம் பெரிதானது

அடுத்த தலைமுறைப் பெட்டிகளில் படம் அழகானது. சேகா கம்பெனியின் மெகா டிரைவ் 1988-ல் வந்தது. நிண்டெண்டோவின் சூப்பர் பேமிகாம் 1990-ல் வந்தது. இப்போது ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பது போல மைதானம் தெரிந்தது.

சேகாவுக்கு 1991-ல் வந்த "பி.ஜி.ஏ. டூர் கோல்ப்" ஆட்டத்தில் அமெரிக்காவில் உள்ள உண்மையான சாகிராஸ் மைதானத்தையே ஆடலாம். அதே ஆண்டு சூப்பர் பேமிகாமுக்கு வந்த ஒரு ஜப்பானிய ஆட்டம், புகழ்பெற்ற அகஸ்டா மைதானத்தின் மேடு பள்ளங்களைத் துண்டு துண்டாக ஒட்டிக் காட்டியது. ஒவ்வோர் அடிக்குப் பிறகும் படம் வரைந்து முடியும் வரை காத்திருக்க வேண்டும்.

பிறகு கேசட் போய் காம்பாக்ட் டிஸ்க் வந்தது. ஒரு டிஸ்க்கின் கொள்ளளவு சுமார் 650 மெகாபைட். இவாட்டாவின் கேசட்டைப் போல 27 ஆயிரம் மடங்கு! சோனியின் பிளே ஸ்டேஷனுக்கு 1997-ல் ஜப்பானின் "கேம்லாட்" கம்பெனி "எல்லோருடைய கோல்ப்" என்று பொருள்படும் பெயரில் ஓர் ஆட்டம் செய்தது. பொம்மை போன்ற மனிதர்கள், பளிச்சென்ற வானம். நன்றாக விற்றது. அதே கம்பெனி 1999-ல் நிண்டெண்டோ 64 பெட்டிக்கு மரியோவை வைத்து கோல்ப் செய்தது.

இடம் 27 ஆயிரம் மடங்கு பெருகியதே, பந்தை அடிக்கும் முறை மாறியதா? இல்லை! அதே பட்டை. அதே மூன்று அழுத்தல்.

கையை வீசினால் போதும்

மாற்றம் 2000-க்குப் பிறகுதான் பரவியது. டைகர் உட்ஸ் பெயரில் வந்த ஆட்டங்களில் கட்டை விரலால் ஒரு சிறு குச்சியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். விரல் கோணினால் பந்தும் கோணும். பட்டை தேவையில்லை.

2006-ல் நிண்டெண்டோவின் "வீ" பெட்டி வந்தது. அப்போது கம்பெனியின் தலைவர் யார் தெரியுமா? அதே சட்டோரு இவாட்டா! ஹால் கம்பெனி 1992-ல் கடனில் மூழ்கியபோது, 1993-ல் அதன் தலைமையை ஏற்றுக் கரை சேர்த்தவர் அவர். 2002-ல் நிண்டெண்டோவின் தலைவரானார்.

வீ பெட்டியில் பொத்தானோடு மல்லுக்கட்ட வேண்டாம். கைக்கருவியை மட்டை போலப் பிடித்து வீசினால் போதும். அளவுக்கு மீறி வீசினால் பந்து வளைந்து போகும். பெட்டியோடு வந்த "வீ ஸ்போர்ட்ஸ்" 8 கோடிக்கும் மேல் விற்றது. பொத்தானைக் கண்டாலே ஒதுங்கும் தாத்தா பாட்டிகளும் எழுந்து நின்று ஆடினார்கள்.

அந்த ஆட்டத்தில் உள்ள ஒன்பது குழிகள் எங்கிருந்து வந்தன? 1984-ல் 24 கிலோபைட்டுக்குள் அடைக்கப்பட்ட அதே குழிகள்தான்! அவற்றுக்கு மேடும் பள்ளமும் கொடுத்து மீண்டும் எழுப்பியிருந்தார்கள். 2009-ல் வந்த அடுத்த பாகத்தில் பழைய 18 குழிகளும் திரும்பி வந்தன. மூன்று புதுக் குழிகள் சேர்ந்தன. 2022-ல் "ஸ்விட்ச்" பெட்டியின் விளையாட்டுத் தொகுப்புக்கும் இந்த 21 குழிகளே போயின.

ஒளித்து வைத்த ஆட்டம்

2014-ல் நிண்டெண்டோவின் வியாபாரம் சரிந்தது. தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பாமல், இவாட்டா ஐந்து மாதத்துக்குத் தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். 2015 ஜூலை 11 அன்று, 55-வது வயதில், புற்றுநோயால் காலமானார்.

ஸ்விட்ச் பெட்டி 2017 மார்ச்சில் வெளிவந்தது. சில மாதங்களில், அதைத் துருவிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பெட்டிக்குள் 1984 கோல்ப் ஆட்டம் ஒளிந்திருந்தது! பெட்டியின் கடிகாரத்தில் ஜூலை 11-ம் தேதி இருக்க வேண்டும். இவாட்டா தம் ஒளிபரப்புகளில் இரு கைகளையும் முன்னே நீட்டிக் காட்டும் பழக்கம் உடையவர். அது போலவே கைக்கருவிகளை நீட்டிக் காட்டினால் ஆட்டம் திறக்கும். பின்னர் வந்த மாற்றங்களில் அது எடுக்கப்பட்டுவிட்டது.

எது உயர்த்தி?

படத்துக்கு இன்றைய ஆட்டங்கள். உடம்பு அசைய வேண்டுமானால் வீ. உண்மை மைதானத்தின் நெளிவு சுளிவு வேண்டுமானால் டைகர் உட்ஸ் வரிசை. ஆனால் "இன்னும் ஒரே ஒரு குழி" என்று தூக்கத்தைக் கெடுப்பது எது என்று கேட்டால், பதில் அந்த மூன்று அழுத்தல்தான். 2017-ல் பிளே ஸ்டேஷன் 4-க்கு வந்த "எல்லோருடைய கோல்ப்" ஆட்டத்திலும், 33 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே முறையைத்தான் வைத்திருந்தார்கள்.

இடம் இல்லை என்று மற்றவர்கள் திருப்பி அனுப்பிய வேலை அது. நூறு ஏக்கரை ஒரு சின்னக் கேசட்டில் அடக்கி, மைதானத்தின் வாசலையே பார்க்காத கோடிக் கணக்கானவர்கள் கையில் மட்டையைக் கொடுத்தது. அதில் பை தூக்கும் ஆள் கிடையாது. எல்லோரும் ஆட்டக்காரர்களே!