அட்டையை நீக்கியது கணினி. காரணம் சொல்ல வேண்டியவர் யார்?

தெலங்கானாவில் 2016 முதல் நீக்கப்பட்ட ஏறத்தாழ 19 லட்சம் ரேஷன் அட்டைகளைக் களத்தில் சென்று சரிபார்க்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பயனாளிகளின் தகுதியைக் கணிக்க அம்மாநில அரசு 'சமக்ர வேதிகா' என்னும் கணினி அமைப்பைப் பயன்படுத்தி வந்தது. வாகனம், சொத்து எனப் பல துறைகளின் பதிவேடுகளை இணைத்து, ஒரு குடும்பம் ஏழ்மையில் உள்ளதா என்று அது சொல்லும். பெயர் ஒற்றுமையால் வேறொருவரின் கார் ஓர் ஏழையின் கணக்கில் ஏறிவிட்டால், அவர் வீட்டு அரிசி நின்றுபோகும். பாதிக்கப்பட்ட பலருக்கு முன்னறிவிப்புகூட இல்லை.

செயற்கை நுண்ணறிவோடு சமூகம் எவ்வாறு வாழ்வது என்ற கேள்வியை இந்த அரிசியிலிருந்தே தொடங்க வேண்டும். இயந்திரத்தின் முடிவால் பாதிக்கப்பட்டவர், 'ஏன்?' என்று கேட்கவும் பதில் பெறவும் முடிகிறதா? அதுவே நமக்கான அளவுகோல்.

இத்தகைய அமைப்புகள் பலவும் பழைய பதிவுகளிலிருந்தே கற்றுக்கொள்கின்றன. பழைய பதிவுகளில் உள்ள பாகுபாடும் பாடமாகிவிடுகிறது. வேலைக்கு ஆள் தேர்வு செய்ய அமேசான் நிறுவனம் உருவாக்கிய மென்பொருள், பெண்களின் விண்ணப்பங்களைக் குறைத்து மதிப்பிட்டது 2018இல் வெளிச்சத்துக்கு வந்தது. முந்தைய பத்தாண்டுகளின் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. மென்பொருள் அதையே தகுதி எனக் கற்றுக்கொண்டது.

நம் சூழலில் அந்த இடத்தில் சாதி நிற்கும். விண்ணப்பத்தில் சாதி என்ற கட்டமே இல்லாவிட்டாலும், முகவரி போதும். குடியிருப்புகளைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆயினும் தெருப்பெயர், படித்த பள்ளி, தந்தையின் தொழில் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் இயந்திரத்துக்கு அந்த ஒரு சொல் தேவைப்படாது. அதிகாரி சாதி சொல்லி இழிவுபடுத்தினால் சாட்சி கிடைக்கக்கூடும். பட்டியலிலிருந்து பெயர் மறைந்தால் யாரைச் சாட்சிக்கு அழைப்பது?

சட்டம் நமக்கு என்ன தருகிறது? அரசமைப்பின் 14ஆம் உறுப்பு தன்னிச்சையான அரசு முடிவுகளைத் தடுக்கிறது. 15ஆம் உறுப்பு சாதியின் பெயரால் அரசு பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் பிரிவு 4(1)(ஈ), நிர்வாக முடிவுக்கான காரணங்களைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கும் கடமையைப் பொது அதிகார அமைப்புகள் மீது சுமத்துகிறது. 'கணினி நீக்கிவிட்டது' என்பது காரணம் ஆகாது.

குறையும் உண்டு. 2019ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதி குறித்த தரவைக் கூடுதல் பாதுகாப்புக்குரியதாக வகைப்படுத்தியிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. முழுவதும் தானியங்கியாக எடுக்கப்படும் முடிவுக்கு உட்படாதிருக்கும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, சில விலக்குகளுடன், தன் மக்களுக்கு வழங்குகிறது. நம் சட்டத்தில் அதற்கு இணையான பிரிவு இல்லை.

இதனால் தொழில்நுட்பத்தையே மறுக்க வேண்டியதில்லை. பாதாளச் சாக்கடைக்குள் மனிதருக்குப் பதிலாக இறங்கும் இயந்திரம் 2018இல் திருவனந்தபுரத்தில் அறிமுகமானது. அத்தகைய இயந்திரம் ஒவ்வோர் ஊருக்கும் வர வேண்டும். அதை இயக்கும் பயிற்சியும் ஊதியமும் இதுவரை குழிக்குள் இறங்கியவர்களுக்கே முதலில் சேர வேண்டும்.

நம் கோரிக்கைகள் மூன்று. நலத்திட்டப் பட்டியலிலிருந்து எவரையும் நீக்குமுன் எழுத்துவழி அறிவிப்பும் நேரடி விசாரணையும் வேண்டும். முடிவுக்குப் பெயரும் பதவியும் உள்ள ஓர் அதிகாரி பொறுப்பேற்க வேண்டும். நீக்கப்பட்டோரில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர் என்ற கணக்கை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் ஊரில் ஓய்வூதியமோ உதவித்தொகையோ ரேஷனோ நின்றுபோனவர்களைச் சந்தியுங்கள். காரணம் கேட்டு அவர்கள் பெயரில் ஒரு மனு எழுத உதவுங்கள். எழுத்தில் வரும் பதிலே நீதிமன்றத்தில் நம் முதல் ஆவணம்.