வளைந்த திரையுள்ள பெரிய கைப்பேசி: வாங்கலாமா, வேண்டாமா?

கைக்குள் அடங்கும் என்பதால்தான் கைப்பேசி என்று பெயர் வைத்தோம். இன்று அது சட்டைப் பையிலிருந்து தலையை நீட்டி எட்டிப் பார்க்கிறது. போதாக்குறைக்கு அதன் கண்ணாடி இருபுறமும் வழிந்து இறங்கி, பார்ப்பவர் மனத்தை மயக்குகிறது. பண்டிகைக் காலத் தள்ளுபடி வந்தால் போதும், "அப்பாவுக்கு ஒன்று வாங்கி அனுப்பலாமா?", "ஊரில் அம்மாவுக்கு இது சரிப்படுமா?" என்று நம் அன்பர்கள் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். ரயில்வேயில் இருந்தவன், இயந்திர விவரம் தெரிந்தவன் என்ற நம்பிக்கையில் என்னிடமும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட, நான் அறிந்ததையும் 6.7 அங்குல வளைதிரைப் பேசி ஒன்றை இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திப் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

சொந்த ஊரை விட்டு வெகுதூரத்தில் வாழும் நமக்குக் கைப்பேசி ஆடம்பரப் பொருள் அல்ல. பெற்றோர் முகத்தைப் பார்ப்பதும், பேரக் குழந்தையின் மழலையைக் கேட்பதும், மருந்துக்குப் பணம் அனுப்புவதும் அதன் வழியாகத்தான். ஆகவே தேர்வு செய்வதில் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

வளைவு வந்த கதை

2013-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தென்கொரியாவின் இரண்டு நிறுவனங்கள் வளைந்த திரைப் பேசிகளை அறிவித்தன. சாம்சங் நிறுவனத்தின் 'கேலக்ஸி ரவுண்டு' 5.7 அங்குலம், ஓடு போல இடம் வலமாகக் குழிந்திருந்தது. எல்ஜி நிறுவனத்தின் 'ஜி ஃப்ளெக்ஸ்' 6 அங்குலம். வாழைப்பழம் போல மேலிருந்து கீழாக வளைந்திருந்தது. இரண்டுமே பரவலாக நிலைக்கவில்லை. எல்ஜி நிறுவனம் 2021-இல் கைப்பேசித் தொழிலை விட்டே விலகிவிட்டது.

நிலைத்தது வேறொரு வகை. நடுவில் தட்டை, ஓரத்தில் மட்டும் சரிவு. 2014-இல் வந்த சாம்சங் 'நோட் எட்ஜ்' வலப்பக்கம் மட்டும் வளைந்திருந்தது. 2015-இல் வந்த 'எஸ் 6 எட்ஜ்' இருபுறமும் வளைந்தது. அதன் பின் சீன நிறுவனங்களும் இந்த அமைப்பைப் பின்பற்றின. நாம் இன்று 'கர்வ்டு டிஸ்பிளே' என்று கடைகளில் கேட்பது இதைத்தான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், இந்த மோகத்தைப் பரப்பிய சாம்சங்கே 2024-இல் தன் உயர்விலைப் பேசியான 'எஸ் 24 அல்ட்ரா'வைத் தட்டையான திரையோடு வெளியிட்டது. அதே 2024-இல் மோட்டோரோலா, விவோ போன்ற நிறுவனங்கள் நடுத்தர விலையில் வளைதிரைப் பேசிகளை நம் நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஒரு காலத்தில் பணக்காரப் பொருளாக இருந்தது நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியும் நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது.

கண்ணாடி எப்படி வளைகிறது?

பழைய எல்சிடி திரையில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் இருக்கும். பின்னால் ஒரு விளக்கு எரியும். அந்த இரு தகடுகளுக்கும் உள்ள இடைவெளி எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். சிறிய பேசியின் ஓரத்தை மடித்தால் அந்தச் சீர் கெட்டுவிடும். ஓஎல்இடி திரைக்குப் பின்விளக்கு தேவையில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அதைப் பாலிஇமைடு என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் அமைத்துவிட்டால், தாளை வளைப்பது போலத் திரையையும் வளைக்கலாம். அதன் மேல் ஒட்டும் கண்ணாடியைச் சூடாக்கி இளக்கி, அச்சில் வைத்து அழுத்தி வளைக்கிறார்கள்.

பிறகு அந்தக் கண்ணாடியை வலுப்படுத்த, உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி எடுக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கியடித்து உட்காருகின்றன. நெரிசலான பெட்டியில் ஆட்கள் ஒருவரையொருவர் அழுத்தி நிற்பது போல மேற்பரப்பு முழுவதும் அழுத்தத்தில் இருக்கிறது. ரயில் பாதையில் கான்கிரீட் ஸ்லீப்பர் செய்யும்போது உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டிக் கான்கிரீட்டை அழுத்தத்தில் வைப்பதும் இதே தத்துவம்தான். கான்கிரீட்டும் சரி, கண்ணாடியும் சரி, அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. முன்கூட்டியே அழுத்தி வைத்திருந்தால், வெளியிலிருந்து வரும் இழுவிசை முதலில் அந்த அழுத்தத்தைக் கடந்தாக வேண்டும். அதற்காக உடையவே உடையாது என்று எண்ணிவிடக் கூடாது. கூரிய கல் ஒன்று அந்த மெல்லிய அழுத்த அடுக்கைத் துளைத்துவிட்டால் விரிசல் ஓடிவிடும்.

நன்மைகள்

முதலில் அளவைப் பார்ப்போம். திரையின் அளவு என்று விளம்பரத்தில் சொல்வது மூலைக்கு மூலை உள்ள தூரம். பழைய 5.5 அங்குலத் திரையின் உயர அகல விகிதம் 16-க்கு 9. கணக்கிட்டால் அகலம் 2.7 அங்குலம், உயரம் 4.8 அங்குலம். இன்றைய 6.7 அங்குலத் திரையின் விகிதம் பெரும்பாலும் 20-க்கு 9. அதன் அகலம் 2.75 அங்குலம், உயரம் 6.1 அங்குலம். அதாவது அகலம் கூடியது நூலிழை அளவுதான், உயரம் 1.3 அங்குலம் கூடியிருக்கிறது. பரப்பளவு ஏறக்குறைய 13 சதுர அங்குலத்திலிருந்து 17-ஐ நெருங்குகிறது. "பெரிய பேசி கையில் அடங்காது" என்று பயப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிடிக்கும் அகலம் அதிகம் மாறவில்லை. கட்டைவிரலுக்கு உச்சிதான் எட்டவில்லை.

வயதான கண்களுக்குப் பெரிய திரை ஒரு வரம் என்றே சொல்வேன். நம் மொழியில் சொற்கள் நீளமானவை. சிறிய திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரியில் இரண்டு சொற்கள்கூட நிற்காமல் வாசிப்பு தடுமாறும். நீண்ட திரையில் எழுத்தையும் பெரிதாக்கி, பத்தியின் போக்கும் விடாமல் படிக்கலாம். காணொலி அழைப்பில் மகன், மருமகள், பேரன் என்று நான்கு கட்டங்கள் வந்தாலும் ஒவ்வொரு முகமும் அடையாளம் தெரியும்.

இனி வளைவின் நன்மை. ஓரம் சரிந்திருப்பதால் பேசி உள்ளங்கையில் உறுத்தாமல் உட்காருகிறது. உள்ளதைவிட மெலிதாகவும் தோன்றுகிறது. முந்தைய பக்கத்துக்குத் திரும்ப ஓரத்திலிருந்து விரலை இழுக்கும்போது தடையின்றி வழுக்கிச் செல்கிறது. பார்வைக்கு அழகு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஓஎல்இடி திரையில் கறுப்பு நிறம் என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கிறது. ஆகவே கறுப்புப் பின்னணியை வைத்துக்கொண்டால் மின்கலமும் சற்றுக் கூடுதலாக நிற்கும். ஆனால் இந்தக் கடைசி நன்மை வளைவுக்கு உரியதல்ல. தட்டையான ஓஎல்இடி திரையிலும் இதுவே கிடைக்கும். கடைக்காரர் இரண்டையும் சேர்த்துச் சொன்னால் நாம் பிரித்துக் கேட்க வேண்டும்.

தொல்லைகள்

முதல் தொல்லை, தொடாமலே தொடுவது. பேசியை இறுகப் பிடிக்கும்போது உள்ளங்கைச் சதை ஓரத்தில் படுகிறது. அதை விரல் என்று எண்ணித் திரை தானாக எதையோ திறக்கிறது; அல்லது நாம் நடுவில் தட்டுவதைக் கண்டுகொள்ளாமல் போகிறது. தவறான தொடுகையை ஒதுக்கும் மென்பொருள் இப்போது முன்னேறியிருக்கிறது என்றாலும், கை நடுக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் சிரமமே. பணம் அனுப்பும் யுபிஐ சேவையில் பெரும்பாலும் ரகசிய எண் கேட்ட பிறகே பணம் போகும் என்பதால் அந்த வகையில் பெரிய அச்சம் வேண்டாம். ஆனால் பட்டியலில் பக்கத்துப் பெயர் தேர்வாகிவிடலாம். ரகசிய எண்ணைப் போடுமுன் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது நல்லது.

இரண்டாவது தொல்லை தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கே உரியது. ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசையில் 10 எழுத்துகள். தமிழ் 99 விசைப்பலகையின் மேல் வரிசையில் 'ஆ' தொடங்கி 'ஞ' வரை 12 எழுத்துகள். திரையின் அகலம் 70 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஆங்கில எழுத்துக்கு 7 மில்லிமீட்டரும் தமிழ் எழுத்துக்கு 6-க்கும் குறைவாகவும் இடம் கிடைக்கிறது. என் பேசியில் எஃகு அளவுகோல் வைத்துப் பார்த்தேன். பக்கத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் சரிவு. ஆக, ஓர எழுத்தின் பாதி சரிவில் போய்விடுகிறது. 'ஞாயிறு' என்று எழுத வேண்டுமானால் முதலில் 'ஞ', பிறகு 'ஆ', பிறகு 'ய'. மூன்றுமே ஓரத்தை ஒட்டியவை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவர்களுக்கும், குரலால் எழுதுபவர்களுக்கும் இந்தச் சங்கடம் குறைவு. எண்களுக்கான பலகையில் வரிசைக்கு மூன்றே எண்கள் என்பதால் அங்கும் சிக்கல் இல்லை.

மூன்றாவது, ஒளி. வெயிலிலோ குழல் விளக்கின் கீழோ பார்த்தால் இரு ஓரங்களிலும் வெள்ளைக் கோடு போல ஒளி பிரதிபலிக்கும். சரிவான பகுதியில் நிறம் சற்று மங்கியும் தெரியும். மழைக்காலத்தில் கண்ணாடி மேல் நீர்த்துளி நின்றால் தொடுதிரை குழம்புவது எல்லாப் பேசிக்கும் பொது.

நான்காவது, எடை. 2016-இல் வந்த 5.5 அங்குல 'எஸ் 7 எட்ஜ்' 157 கிராம். 2024-இன் 6.8 அங்குல 'எஸ் 24 அல்ட்ரா' 232 கிராம். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்!

விழுந்தால் என்ன ஆகும்?

வாங்கும்போது யாரும் எண்ணிப் பார்க்காத செலவு இதுதான். தட்டைத் திரைப் பேசி பக்கவாட்டில் விழுந்தால் உலோகச் சட்டம் முதல் அடியை வாங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. வளைதிரையில் கண்ணாடியே ஓரம் வரை வந்து நிற்பதால் அடி அதன் மேல் விழ வாய்ப்பு அதிகம். கண்ணாடியும் உள்ளிருக்கும் ஓஎல்இடி திரையும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால், சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் முழுத் திரையையும் மாற்றுவார்கள். அந்தத் தொகையைக் கேட்டால் நமக்கே தலை சுற்றும்.

பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டுவதும் எளிதல்ல. தட்டைத் திரைக்கு நடைபாதைக் கடையிலேயே குறைந்த விலையில் ஒட்டிக்கொள்ளலாம். வளைந்த திரைக்குத் திரவப் பசை ஊற்றி, புறஊதா விளக்கில் காயவைக்கும் வகை வேண்டும். பசை ஒலிபெருக்கித் துளையிலோ பொத்தான் இடுக்கிலோ இறங்காமல் பார்த்துச் செய்யத் தெரிந்த ஆளும் வேண்டும். பெருநகரங்களில் ஆள் கிடைப்பார். ஊரில் தனியே இருக்கும் பெற்றோர் எங்கே தேடி அலைவார்கள்? திரை உடைந்தால் அவர்களுக்கு நஷ்டம் பணம் மட்டுமல்ல. பழுது பார்த்து வரும்வரை பிள்ளைகளோடு பேச்சும் நின்றுவிடும். ஆகையால் தொலைவில் உள்ள முதியோருக்கு வாங்குபவர்கள், அவ்வூரிலோ பக்கத்து நகரத்திலோ அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் உண்டா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

விலையைப் பேசுமுன் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு இவற்றைச் செய்து பாருங்கள்.

1. ஒரு கையில் இறுகப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் திரையின் நடுவில் தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஏற்கிறதா?

2. தமிழ் விசைப்பலகையைத் திறந்து 'ஞாயிறு' என்று ஐந்து முறை எழுதுங்கள்.

3. எழுத்தளவைப் பெரிதாக்கி ஒரு தமிழ்ச் செய்தியைப் படியுங்கள். வரியின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரிவில் விழுகின்றனவா?

4. கடை வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பாருங்கள்.

5. திரை மாற்ற என்ன செலவு, உடைந்தால் ஈடு செய்யும் திட்டம் உண்டா என்று கேளுங்கள்.

6. பக்கச் சுவர் சற்று உயர்ந்த உறை கிடைக்கிறதா என்று பாருங்கள். அத்தகைய உறை, கை படுவதையும் அடி படுவதையும் ஓரளவு தடுக்கும். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

என் கருத்து

பெரிய திரை, வளைந்த திரை என்ற இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட வேண்டியதில்லை. பெரிய திரை முதியவர்களுக்குப் பயன். அதில் எனக்கு ஐயமில்லை. வளைவு என்பது கைக்குச் சுகமும் கண்ணுக்கு அழகும் தருவது; வேலைக்குத் தேவையானது அல்ல. கை நிதானமுள்ள இளைஞர்கள், நல்ல உறை போட்டுப் பொறுப்பாக வைத்துக்கொள்பவர்கள், அழகை விரும்பி வாங்கட்டும். குறை சொல்ல மாட்டேன். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், தமிழ் விசைப்பலகையில் நிறைய எழுதுபவர்களுக்கும், பழுது பார்க்க வசதியில்லாத ஊரில் இருப்பவர்களுக்கும் அதே அளவுள்ள தட்டைத் திரையே நல்லது. மிச்சமாகும் பணத்தில் நல்ல உறையும், ஊருக்குப் போய் வர ஒரு ரயில் டிக்கெட்டும் வாங்கலாம். திரை எவ்வளவு பெரிதானாலும் நேரில் பார்ப்பதற்கு ஈடாகுமா?