நின்றவூர்க் கோயிலும் நாவற்கலையும்

ஒரு நாவலுக்குரிய கற்பனை எவ்வாறு தோன்றி எவ்வாறு வளர்கிறது என்று கேட்கும் இளைஞர்களுக்கு, மேல்நாட்டு ஆசிரியர்கள் இயற்றிய இலக்கண நூல்களைக் காட்டுவதற்கு முன்பாக, சென்னைக்கும் திருவள்ளூருக்கும் இடையே மின்சார ரயில் நின்று செல்லும் திருநின்றவூரையும், அங்கே இருதயாலீசுவரர் என்ற திருநாமத்துடன் விளங்கும் சிவபெருமானின் கோயிலையும் காட்டுவதே பொருத்தமென்று நான் கருதுகிறேன்.

அவ்வூரினரான பூசலார் நாயனாரின் சரித்திரத்தை அறியாதார் சிலரே. சிவபெருமானுக்கு ஆலயம் எடுக்க விரும்பி எங்கும் பொருள் தேடி அலைந்து, ஒன்றும் கிடைக்காமையால் மனம் நொந்த அப்பெரியார், உள்ளத்திலேயே கோயில் கட்டத் துணிந்தார். ஆயினும், கண்ணை மூடிய கணத்தில் கோபுரம் எழுந்து நின்றுவிட்டதாகச் சேக்கிழார் பாடவில்லை. வேண்டிய திரவியத்தைச் சிறிது சிறிதாக நினைவினால் சேர்த்ததும், பணிக்குரிய சாதனங்களையும் தச்சரையும் தேடிக்கொண்டதும், ஆகம விதிப்படி நல்ல நாள் பார்த்து அடிநிலை வகுத்ததும், இரவிலும் உறங்காமல் வேலையை நடத்தியதும், சிகரம் அமைத்துச் சுதை பூசி, கிணறும் மதிலும் குளமும் முடித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மனக்கோயிலுக்குக் கிணறு எதற்கு? அந்தக் கிணறு இருப்பதனால்தான் நாம் அக்கோயிலை நம்புகிறோம். கதாசிரியனின் கற்பனைக்கு உயிர் தருவது இத்தகைய பொறுமையான உழைப்பே என்பதில் எனக்கு ஐயமில்லை.

இச்சரித்திரம் வளர்ந்த முறையும் சிந்திக்கத்தக்கது. சுந்தரர் தம் திருத்தொண்டத் தொகையில் அடியாரின் பெயரைச் சுட்டி வணங்கியதோடு நின்றார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் அதனைச் சற்றே விரித்தார். 12ஆம் நூற்றாண்டில், குன்றத்தூரில் பிறந்து சோழப் பேரரசின் அமைச்சராயிருந்த சேக்கிழாரின் கையில் அது முழுச் சரித்திரமாயிற்று. காஞ்சியில் பெரும் பொருட்செலவில் கற்றளி எடுத்த காடவர் கோமானையும் பொருளற்ற பூசலாரையும் அவர் எதிரெதிரே நிறுத்துகிறார். ஒருவரையொருவர் அறியாத இருவரும் குடமுழுக்குக்கு ஒரே நாளைக் குறித்திருக்க, அரசன் கனவில் இறைவன் தோன்றி, நாளை தாம் நின்றவூர் அன்பரின் ஆலயத்தில் புகவிருப்பதால் அவன் குறித்த தினத்தை ஒத்திவைக்கும்படி பணிக்க, விரைந்து வந்த அரசனிடம் ஊரார் அப்படியொரு கோயிலே இங்கு இல்லை என்கிறார்கள். அந்த மறுமொழியில் கதை முழுவதும் ஒரு கணம் தடுமாறி நின்று, பின்பு பூசலாரின் வாய்மொழியால் விளங்குகிறது. தனித்தனியே ஓடிய இரண்டு இழைகளை ஒரு தினத்தில் முடிச்சிட்ட இந்த அமைப்பைக் கற்காமல் நாவல் எழுதத் தொடங்குவோர், அருகிலிருக்கும் ஆசானை விட்டு விலகிப் போகிறார்கள்.

நம் காலத்து நாவலாசிரியர்களும் இவ்வழியே நடந்திருக்கிறார்கள். ரஸிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரக் கடற்கரையில் இருந்த ஒரு பொழுதில் கல்கியின் மனத்தில் தோன்றிய பாத்திரங்கள், ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே வாசம் செய்த பின்னரே ‘சிவகாமியின் சபத’மாக வெளிவந்தன. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யோ, ‘சரஸ்வதி’ இதழில் தொடங்கி இடையில் நின்றுபோய், 1966இல்தான் முழு நூலாக வெளிவந்தது.

எனினும் நாவலாசிரியனுக்குப் பூசலாரிடம் இல்லாத ஒரு கடமை உண்டு. பூசலார் கட்டியதை இறைவன் நேரே கண்டான்; நாவலாசிரியன் கட்டியதையோ, அவனை ஒருநாளும் சந்தித்திராத வாசகர் காண வேண்டும். ஆகவே அவன் மனத்தினால் மட்டுமன்றிக் காலினாலும் பொருள் சேர்க்க வேண்டியவனாகிறான். ராஜம் கிருஷ்ணன் இக்கடமையை முழு மனத்துடன் ஏற்றவர். நீலகிரியின் படுகர் வாழ்வை நேரில் கண்டு ‘குறிஞ்சித்தேன்’ எழுதினார். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே பழகிக் ‘கரிப்பு மணிகள்’ படைத்தார். அவருடைய உழைப்பு இன்னும் உரிய அளவில் போற்றப்படவில்லை என்பது என் வருத்தம்.

இந்த வருத்தத்தோடு ஒரு விருப்பமும் சேர்கிறது. திருநின்றவூரைச் சுற்றியுள்ள திருவள்ளூர் மாவட்டமும், அதன் வடகோடியில் கும்மிடிப்பூண்டியின் சிப்காட் ஆலைகளும், நெடுந்தொலைவிலிருந்து வேலை தேடி வந்தோரும் தமக்குரிய பெரிய நாவலைக் கேட்டு நிற்கிறார்கள். அதை எழுதத் துணிபவர், வயலை விற்ற குடும்பம் அப்பணத்தை என்ன செய்தது, இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவன் யார் சமைத்ததை உண்கிறான், ஒரே அறையில் தங்கும் இருவர் எந்த மொழியில் சண்டையிடுகிறார்கள், ஒப்பந்தத் தொழிலாளி தன் ஊருக்கு அனுப்பும் பணத்தில் எவ்வளவை மறைத்து வைத்துக்கொள்கிறான் என்பனவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். அவற்றில் எதை முதலில் வைப்பது என்ற தீர்மானம் அதற்குப் பின்பே வரும்.