சிங்கத்துக்கு யார் சொந்தம்?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! 'இவர் என்ன பேசிவிடப் போகிறார்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! பந்தல் கொள்ளாமல் சாலை ஓரம் வரைக்கும் நிறைந்திருக்கிற கிளியனூர்ப் பெருமக்களே! அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டு வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே! எல்லாருக்கும் என் வணக்கம்.

"உறவை நிலைக்க வைப்பது அன்பா? தேவையா?" இதுதான் தலைப்பு. தேவையே என்கிற அணியிலே என்னைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார்கள். "ஆண்சிங்கத்தைப் பாருங்கள், ஒருத்தியோடு வாழ்கிறது, மனைவி மக்களைக் கண்ணை இமை காப்பதுபோல் காக்கிறது" என்றார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் கைதட்டினேன். குரல் அவ்வளவு நன்றாக இருந்தது. செய்திதான் சரியாக இல்லை. (சிரிப்பு)

கிளி பேர் கொண்ட ஊரிலே வந்து சிங்கத்தைப் பற்றிப் பேச வேண்டியதாகிவிட்டது. பரவாயில்லை, இதே மாவட்டத்திலே செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் இருக்கிறது. ஊர்ப் பேரில் சிங்கம், மாமல்லபுரத்துத் தூணில் சிங்கம், சினிமாப் பேரில் சிங்கம், பிள்ளையைக் கொஞ்சினால் சிங்கக்குட்டி. தமிழ்நாட்டுக் காட்டிலே மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. நம்மில் பெரும்பாலோர் பார்த்தது வண்டலூர்ச் சிங்கம்தான். அடைத்து வைத்துச் சோறு போடுகிற இடத்திலே குடும்ப வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள முடியுமா? அதனால் உங்களை இரண்டு காடுகளுக்குக் கூட்டிப்போகிறேன். ஒன்று ஆப்பிரிக்காவிலே தான்சானியா நாட்டுச் செரங்கெட்டி. இன்னொன்று நம் குஜராத்திலே கிர்.

செரங்கெட்டியிலே 1966ஆம் ஆண்டு ஜார்ஜ் ஷாலர் என்கிற அறிஞர் போய் உட்கார்ந்தார். 1978இல் கிரேக் பாக்கர், ஆன் பியூசி என்று இருவர் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். ஒவ்வொரு சிங்கத்தையும் முகம் பார்த்து அடையாளம் கண்டு, அதன் அம்மா யார், பாட்டி யார் என்று வம்சாவளி எழுதினார்கள். நம் வீட்டிலே மூன்று தலைமுறைக்கு மேலே பேர் தெரியாது. அங்கே சிங்கத்துக்குத் தெரியும். (கைதட்டல்)

அவர்கள் கண்டது என்ன? சிங்கக் கூட்டம் என்பது பெண்களுடைய வீடு. பாட்டி, அம்மா, சித்தி, அக்கா, தங்கை, அவர்கள் குட்டிகள். பெண்குட்டி பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது. ஆண்குட்டி மூன்று வயதை நெருங்கும்போது வெளியே போயாக வேண்டும். நாம் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிறோம். அங்கே பையனை அனுப்பிவிடுகிறார்கள். சீர் கிடையாது, செனத்தி கிடையாது, ஒரே விரட்டல்தான்!

அக்கா தங்கைகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் குட்டி போடுகிறார்கள். குட்டிகளையெல்லாம் ஓர் இடத்திலே சேர்த்து வைத்து வளர்க்கிறார்கள். பசித்த குட்டி அம்மாவிடமும் குடிக்கும், சித்தியிடமும் முட்டிக் குடிக்கும். சித்தி சில நேரம் உறுமித் தள்ளுவாள், சில நேரம் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுவாள். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு தமிழ்ச் செய்தி. நன்னூலிலே பவணந்தி முனிவர் சூத்திரங்கள் நிற்கும் நிலையைச் சொல்லும்போது 'அரிமா நோக்கு' என்று ஒன்று சொல்கிறார். சிங்கம் நடக்கும்போது முன்னும் பார்க்கும், பின்னும் திரும்பிப் பார்க்கும். அதுபோல முன்னே உள்ளதோடும் பின்னே உள்ளதோடும் பொருந்தி நிற்கிற சூத்திரம் அது. வகுப்பிலே வருஷா வருஷம் இதை நடத்தியிருக்கிறேன். ஏன் அய்யா பின்னால் திரும்பிப் பார்க்கிறது என்று ஒரு மாணவனும் கேட்டதில்லை.

செரங்கெட்டியிலே ஒரு விடை இருக்கிறது. வேற்றுச் சிங்கத்தின் கர்ச்சனையை ஒலிபெருக்கியிலே போட்டுக் காட்டினார்கள். எல்லைக்குள் அந்நியர் வந்துவிட்டால் பெண்சிங்கங்கள் சேர்ந்து போய்த் துரத்த வேண்டும். போயின. ஆனால் சில எப்போதும் முன்னே போயின. சில எப்போதும் பின்தங்கின. நல்ல வெயிலிலே களை எடுக்கக் கூப்பிட்டால் கடைசியில் வருவார்களே, அந்த மாதிரி. முன்னே போகிறவள் நின்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று. வராதவளைத் தண்டித்தாளா? இல்லை. ஒதுக்கி வைத்தாளா? இல்லை. மறுபடியும் தானே முன்னே போகிறாள். 1995இல் இதை எழுதினார்கள். அன்பினால்தானே பொறுத்துக்கொள்கிறாள் என்று எதிரணி துள்ளக்கூடும். அவசரப்படாதீர்கள். அந்த எல்லை போனால் வேட்டை போச்சு, குட்டி போச்சு. சோம்பேறித் தங்கை பக்கத்தில் இல்லாமல் போனால் கணக்கில் ஓர் ஆள் குறைந்து போகும். சிங்கக் கூட்டத்தில் தலை எண்ணிக்கைதான் பலம்.

குட்டி போகும் என்றேனே, அதைச் சொல்லாமல் நகர முடியாது. மனசுக்குக் கஷ்டமான இடம்.

வெளியே அனுப்பப்பட்ட ஆண்கள் என்ன ஆகிறார்கள்? அண்ணன் தம்பி, பெரியப்பா மகன் சித்தப்பா மகன் சேர்ந்து கூட்டணி அமைக்கிறார்கள். சொந்தமே இல்லாத இரண்டு மூன்று ஆண்கள் சேர்வதும் உண்டு. வளர்ந்து பலம் வந்ததும் ஒரு பெண்கள் கூட்டத்தைத் தேடிப்போய், அங்கே இருக்கிற பழைய ஆண்களை அடித்து விரட்டிவிட்டு உட்காருகிறார்கள். உட்கார்ந்ததும் முதல் காரியம், பழையவர்களுக்குப் பிறந்த சின்னக் குட்டிகளைக் கொல்வது.

கொடுமைதான். காரணம் இருக்கிறது. குட்டி வைத்திருக்கிற தாய், அது ஒன்றரை வயது, இரண்டு வயது ஆகிறவரைக்கும் அடுத்த கூடலுக்கு இணங்கமாட்டாள். வந்த ஆண்களுக்கு அவ்வளவு நாள் பொறுக்க நேரம் கிடையாது. இரண்டு மூன்று ஆண்டுகளிலே இவர்களை விரட்ட இன்னொரு கூட்டம் வந்துவிடும். குட்டி இறந்தால் தாய் சில மாதத்திலே மறுபடி தயாராகிவிடுகிறாள். அடுத்த விரட்டல் வருவதற்குள் தன் பிள்ளை பிறந்து ஓரளவு வளர்ந்தாக வேண்டும், அதுதான் அந்த ஆணின் கணக்கு. தன் குட்டிகளைக் காப்பாற்ற அவன் உயிரைக் கொடுத்தும் சண்டை போடுவான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவன் குட்டிக்கு அவனே எமன்.

கூடல் நாட்களிலே ஆணும் பெண்ணும் கூட்டத்தை விட்டு விலகிப் போய்விடுகிறார்கள். இரண்டு நாள், நாலு நாள். வேட்டை இல்லை, சாப்பாடுகூடப் பெரிதாக இல்லை. அவள் எழுந்தால் இவன் எழுவான், அவள் படுத்தால் இவன் படுப்பான். பார்க்கிறவர்களுக்கு 'ஆகா, எத்தனை ஒட்டுதல்!' என்று தோன்றும். அது ஒட்டுதல் இல்லை, காவல். வேறு ஆண் வந்துவிடக் கூடாதே என்கிற காவல். அப்புறம் ஏறக்குறைய மூன்றரை மாதத்திலே குட்டி.

மாப்பிள்ளை பார்ப்பது எப்படி என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆளுயரப் பொம்மைச் சிங்கங்கள் செய்து, ஒன்றுக்கு வெளுத்த பிடரி, ஒன்றுக்குக் கறுத்த பிடரி வைத்தார்கள். பெண்சிங்கங்கள் கறுத்த பிடரிப் பக்கம் போயின. 2002இல் வந்த ஆய்வு. கறுத்த பிடரி என்றால் நல்ல ஊட்டம், நல்ல பலம் என்று அவற்றுக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையிலே கிண்ணத்தில் சாயம் கலக்குகிற என் வயதுக்காரர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம். (நீண்ட சிரிப்பு)

இப்போது கிர் காட்டுக்கு வாருங்கள். ஒரு காலத்தில் வடஇந்தியா முழுக்கத் திரிந்த சிங்கம், வேட்டையிலே அழிந்து அழிந்து, கடைசியில் ஜுனாகத் நவாப்பின் காட்டிலே சொற்பமாக ஒண்டிக்கொண்டிருந்தது. நவாப்பு காப்பாற்றினார், பின்னால் அரசாங்கம் காப்பாற்றியது. 2020இல் 674 என்று எண்ணினார்கள். 2025 கணக்கெடுப்பிலே 891.

கிர் சிங்கத்தின் குடும்பம் ஆப்பிரிக்கக் குடும்பம் போல இல்லை. இங்கே ஆண்களும் பெண்களும் தனித்தனியாக வாழ்கிறார்கள்! ஆப்பிரிக்காவிலே காட்டெருமை, வரிக்குதிரை என்று பெரிய இரை. பத்துப் பேர் பந்தியில் உட்காரலாம். கிர்ரிலே அதிகம் கிடைப்பது புள்ளிமான். நாலு பேருக்கே காணாது. அதனால் பெண்கள் சின்னச் சின்னக் குழு, ஆண்கள் வேறு குழு. கூடலுக்குச் சந்திப்பார்கள். மாடு, கடமான் என்று பெரிதாக ஏதாவது விழுந்தால் சந்திப்பார்கள். மற்றபடி அவரவர் வழி. எதிரணி அம்மா சொன்ன 'மனைவி மக்களோடு' என்பது இங்கே ஆண்டுக்குச் சில நாள் விருந்தாளி வருகைதான்.

டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தைச் சேர்ந்த யாத்வேந்திரதேவ் ஜாலா, ஸ்டோத்ரா சக்கரவர்த்தி ஆகியோர் இந்தச் சிங்கங்களின் பின்னாலேயே அலைந்து ஆராய்ந்தார்கள். 2019இல் வெளிவந்த அவர்கள் ஆய்வு, தாய்மார்கள் கேட்க வேண்டியது. ஒரு பெண்சிங்கம் நடமாடும் இடத்துக்குள் இரண்டு மூன்று ஆண் கூட்டணிகளின் எல்லை வந்து விழுகிறது. அவள் ஒரு கூட்டணியோடு நிறுத்திக்கொள்வதில்லை. அடுத்த எல்லைக்காரர்களோடும் கூடுகிறாள். நம் ஊர்த் திண்ணைகள் இதைக் கேட்டால் என்ன பேசும்? பேசட்டும். அவள் ஏன் செய்கிறாள் என்று பாருங்கள். குட்டி பிறந்த பிறகு ஓர் ஆண் வருகிறான். இது தன் குட்டியா, அடுத்தவன் குட்டியா? அவனுக்குத் தெரியாது. தன்னுடையதாக இருக்கலாம் என்கிற சந்தேகம் இருக்கிறதே, அது போதும். அவன் கொல்லமாட்டான். அவளோடு கூடாத ஆண் வந்தால்தான் ஆபத்து.

கற்பு என்கிற நம் தராசை எடுத்துக்கொண்டு அந்தக் காட்டுக்குள் போகாதீர்கள் அய்யா. நாம் நடத்தை சரியில்லை என்று சொல்லக்கூடிய அதே காரியம், அங்கே ஒரு தாய் தன் பிள்ளைகளைச் சுற்றிப் போடுகிற வேலி. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. (கைதட்டல்)

ஆண்களின் நட்பையும் அவர்கள் விடவில்லை. கூட்டணியிலே ஒருவன் பெரியவன், ஒருவன் சின்னவன். கூடல் வாய்ப்பில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெரியவனுக்கே போகிறது. இரையிலும் அவன் பங்கு கூடுதல். சின்னவன் ஏன் கோபித்துக்கொண்டு போகவில்லை? தனியே போனால் எல்லை பிடிப்பது கஷ்டம், எல்லை இல்லாதவனுக்குக் குடும்பமும் இல்லை. முழுப்பட்டினிக்கு அரைவயிறு மேல் என்று இருக்கிறான். நம் ஊரிலே தம்பிகள் பங்காளிச் சண்டைக்குக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். சிங்கத்துக்குக் கோர்ட்டு இல்லை, அதனால் ஒற்றுமை இருக்கிறது. (சிரிப்பு)

என் அணிக்கு உதவாத ஒரு செய்தியும் உண்டு. மறைத்தால் நான் வாத்தியார் இல்லை. 2018 கடைசியிலே கிர்ரில் ஒரு தாய்ச்சிங்கம், தன் இரண்டு குட்டிகளோடு ஒரு சிறுத்தைக் குட்டியையும் சேர்த்து வளர்த்தது. சிறுத்தையும் சிங்கமும் பகை. வழக்கமாகச் சிங்கம் கண்டால் கொன்றுவிடும். இவள் பால் கொடுத்தாள், இரையிலே பங்கு கொடுத்தாள், ஆண்சிங்கம் வந்தால் மறைத்துக் காத்தாள். ஏறக்குறைய ஒன்றரை மாதம். பிறகு அந்தக் குட்டி இறந்து கிடந்தது. பிறவியிலேயே குடலிறக்கம் இருந்ததாக உடற்கூறாய்வில் தெரிந்தது. தாய் கைவிட்டதால் சாகவில்லை. அவளுக்கு அந்தக் குட்டியால் என்ன பயன்? பால் குறைந்ததுதான் மிச்சம். பால் சுரக்கிற காலத்திலே அவளுக்குள் ஊறுகிற தாய்மை குட்டி வேறுபாட்டைப் பார்க்கவில்லை என்று விளக்கம் சொல்கிறார்கள். எதிரணி இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அன்பளிப்பு.

ஆனால் ஜெய்யும் வீருவும் எனக்கு வேண்டும். 1975இல் வந்த 'ஷோலே' படத்து நண்பர்கள் பேரை வைத்துக் கிர்ரிலே இரண்டு ஆண்சிங்கங்களைக் கூப்பிட்டார்கள். எங்கும் சேர்ந்தே திரிந்ததால் அந்தப் பேர். காட்டைப் பார்க்கப் போனவர்களுக்கெல்லாம் அவற்றைத் தெரியும். 2025ஆம் ஆண்டு இரண்டும் பிரிந்திருந்த நேரத்திலே வேறு சிங்கங்கள் தாக்கின. இரண்டுக்கும் காயம். வைத்தியர்கள் பாடுபட்டார்கள். படத்திலே முதலில் சாவது ஜெய். காட்டிலே வீரு முந்திக்கொண்டது, ஜூன் 11ஆம் தேதி. ஜெய் அப்புறம் 48 நாள் இருந்தது. ஜூலை 29 அன்று அதுவும் போய்விட்டது.

நண்பனைப் பிரிந்த துக்கத்தில் இறந்தது என்று பலர் உருகி எழுதினார்கள். எனக்கும் படிக்கும்போது கண் கலங்கியது. ஆனால் துக்கம் வருவதற்கு முன்னாலேயே காயம் வந்துவிட்டது. அந்தக் காயம் பட்ட நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டியவன் பக்கத்தில் இல்லை.

நடுவர் அவர்கள் இரண்டாவது மணியையும் அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வருகிற எதிரணித் தம்பி ஏதோ வேகவேகமாகக் குறிப்பு எடுக்கிறார். சிறுத்தைக் குட்டியைத்தான் எழுதுகிறார் என்று நினைக்கிறேன். வணக்கம்.