மாத்திரை உங்களுக்கும்தான், ஸார்!

'அடிவயிறு வலிக்குதுங்க' என்று வீட்டம்மா சொன்னால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே நம்மாட்கள் சொல்லும் பதில்: 'சூடா இருக்கும்... இளநீர் குடி!'

இளநீர் நல்ல சமாசாரம்தான். ஆனால், கர்ப்பப்பை, கருக்குழாய், சினைப்பை ஏரியாவில் கிருமி புகுந்து புண்ணாக்கியிருந்தால் இளநீர் என்ன செய்யும், பாவம்! டாக்டர்கள் இதை 'பி.ஐ.டி.' என்கிறார்கள். இடுப்புக்குழி அழற்சி என்று தமிழில் சொன்னால் ஏதோ இலக்கணக் குறிப்பு மாதிரி இருப்பதால் நானும் பி.ஐ.டி. என்றே எழுதுகிறேன்.

அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், ஜுரம், உறவின்போது வலி, இரண்டு மாதவிலக்குக்கு நடுவே ரத்தம்... இப்படி வரும். சில பெண்களுக்கு ஒன்றுமே தெரியாது. வம்பே அங்கேதான். உள்ளே புண் ஆறி, தழும்பாகி, கருக்குழாயை அடைத்துக் கொள்ளும். கல்யாணமாகி, 'விசேஷம் உண்டா?' என்று ஊரே கேட்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

நான் பி.காம். எதையும் கணக்காகச் சொன்னால்தான் மண்டையில் ஏறும். ஸ்வீடனில் லுண்ட் என்ற ஊரில் வெஸ்ட்ரம் என்ற டாக்டர், லேப்ராஸ்கோப்பில் பார்த்து பி.ஐ.டி. என்று உறுதியான பெண்களை வருஷக்கணக்கில் கவனித்து, 1992-ல் கணக்கை வெளியிட்டார். ஒரு தடவை வந்தவர்களில் கருக்குழாய் கெட்டுக் குழந்தை இல்லாமல் போனவர்கள் சுமார் 8 சதவிகிதம். இரண்டு தடவை என்றால் ஏறக்குறைய 20. மூன்றும் அதற்கு மேலும் என்றால் 40! மீட்டர் வட்டி ஸார் இது.

இதில் ஆபீஸ் போகும் ஆசாமிக்கு என்ன வேலை என்கிறீர்களா? கிளமிடியா, கொனோரியா என்ற இரண்டு கிருமிகள் இதற்கு முக்கியக் காரணம். இரண்டும் உறவு மூலம் தொற்றுபவை. அதிலும் கிளமிடியா, பல ஆண்களிடம் ஒரு எரிச்சல்கூடக் காட்டாமல், வாடகை தராத குடித்தனக்காரன் மாதிரி கமுக்கமாக உட்கார்ந்திருக்கும்.

எனக்குத் தெரிந்த அக்கவுண்டன்ட் ஒருவர். மனைவிக்குப் பதினாலு நாள் மாத்திரை எழுதிய டாக்டரம்மா, 'உங்க வீட்டுக்காரரும் வரணும்' என்றாராம். 'நான் நல்லாத்தானே இருக்கேன்!' என்று இவர் போகவில்லை. நாலே மாசத்தில் மறுபடி அதே வலி. அப்போதும் அந்தம்மா தனியாகத்தான் போய், டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து வந்தார். மறுநாள் டிபன் பாக்ஸோடு மருந்துச் சீட்டையும் கையில் கொடுத்து, 'மூணாவது தடவை நான் போகமாட்டேன். நீங்க போயிட்டு வாங்க' என்றாராம். போனார்! இப்போது ட்யூப் டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கியிருக்கிறார்கள். ரெண்டு பேருமே லீவு.

அதற்காக, 'யாராலே வந்தது?' என்று வீட்டில் பஞ்சாயத்துக் கூட்டாதீர்கள். உறவால் தொற்றாத கிருமிகளாலும் வரும். அரைகுறைக் கருக்கலைப்பாலும் வரும். கிளமிடியாவோ மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது. தேதி போட்டு ரசீது தராது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வலி நின்றுவிட்டது என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது. முந்தைய 60 நாளில் உறவு கொண்ட ஆண், உடம்பு நன்றாக இருந்தாலும் டாக்டரைப் பார்த்து மருந்து சாப்பிட வேண்டும். இருவரும் முடிக்கும்வரை உறவு வேண்டாம். அரசு ஆஸ்பத்திரி பால்வினை நோய்ப் பிரிவில் காசு கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று. பி.ஐ.டி. வந்து போனவர்களுக்குக் கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து அதிகம். நாள் தள்ளிப்போய், ஒரு பக்கமாகக் கடுமையாக வலித்து, மயக்கமும் வந்தால் உடனே ஆட்டோவைக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.