உங்களுக்குத் தெரியுமா? களிமண்ணில் பிறந்த வளைவுகள்

திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் ஐயர் 1847-இல் அடிக்கல் நாட்டிய தூய திரித்துவ ஆலயம், 33 ஆண்டுகள் கழித்து 1880-இல்தான் பிரதிஷ்டை ஆயிற்றென்றாலும், அவ்வூர்ப் பிள்ளைகளின் வித்தியாப்பியாசம் அதுவரை காத்திருக்கவில்லை. 1844-இல் ஐயரை மணந்த எலிசா அம்மையார், நாகர்கோவிலில் தம் தாயார் மார்த்தா மால்ட் காட்டிய வழியிலேயே பெண்களுக்குப் பாடசாலை நடத்தி, எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்பித்தார். அக்காலத்துக்கு அது சாமானியமான துணிச்சலன்று. ஆலயத்தின் கூர்வளைவுகளை முன்பின் கண்டிராத உள்ளூர்க் கொத்தர்களுக்கு, ஐயரே களிமண்ணைக் குழைத்து மாதிரி பிடித்துக் காட்டினாராம்.

எலிசா அம்மையார் நடத்தியது போன்ற மிஷன் பள்ளிகளுக்குச் சர்க்கார் மானியம் கிடைக்க வழி திறந்தது 1854-ஆம் ஆண்டின் வுட் கல்வி அறிக்கை. பள்ளிப் பலகைகளில் நாம் காணும் ‘அரசு உதவி பெறும்’ என்னும் வாசகத்தின் பூர்வாசிரமம் அதுவே.